ஷாக் அப்சார்பரை எவ்வளவு இறுக்குவது? ஸ்போர்ட்ஸ் காரின் கையாளுதலைச் சீராக்க முழுமையான வழிகாட்டி

இறுக்கத்தை மாற்றக்கூடிய ஷாக் வாங்கி மாட்டியதும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, நாலு சக்கரத்திலும் நாபை, அதாவது இறுக்கத்தை மாற்றும் திருகு குமிழை, கடைசி வரை திருகி இறுக்குவதுதான். வண்டி சாயாமல் நிற்கும். ஸ்டியரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்பும். ரேஸ் கார் மாதிரியே இருக்கிறதே என்று தோன்றும். வழவழப்பான ரோட்டில் அந்த எண்ணம் கொஞ்ச நேரம் தாங்கும். மேடு பள்ளம் உள்ள ஒரு வேகமான வளைவு வந்தால், அதே வண்டி தத்தித் தத்தி வெளிப்பக்கமாக நகரும். டயர் தரையைவிட்டு எழும்பி எழும்பி விழுவதுதான் காரணம். தரையைத் தொடாத டயருக்குப் பிடிப்பு ஏது?

ஆகவே எவ்வளவு கெட்டியாக வைக்கலாம் என்று தேடக்கூடாது. டயர் தரையோடு ஒட்டியே ஓடுவதற்கு எந்த அளவு போதும் என்றுதான் தேட வேண்டும். அந்த அளவு சுலபமாகக் கிடைத்துவிடாது. ஆனால் முறையாகத் தேடினால் ஒரே நாளில் அதன் பக்கத்தில் போய்விடலாம்.

இந்த வழிகாட்டி முழுக்க மஸ்டா எம்எக்ஸ்-5 காரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். 1989-ல் வந்த முதல் தலைமுறையிலிருந்தே இது எடை குறைவான, பின்சக்கர இயக்கம் கொண்ட, முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப் பாதி எடை உள்ள வண்டி. முன்பக்கம் எல்லாத் தலைமுறையிலும் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு முக்கோணக் கைகள் பிடிக்கும் அமைப்பு. பின்பக்கம் முதல் இரண்டு தலைமுறையில் டபுள் விஷ்போன், 2005-ல் வந்த மூன்றாம் தலைமுறை முதல் பல தனிக் கைகள் பிடிக்கும் மல்டி லிங்க். ஷாக்கில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் ஓட்டுநரின் இருக்கையில் தெரிந்துவிடும் என்பதால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரிந்து இல்லை. வேறு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

ஷாக்கின் வேலை என்ன, எது அதன் வேலை இல்லை

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் எடையைத் தாங்குவதில்லை. அது அசைவின் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை மெதுவாக அழுத்தினால் இலகுவாகப் போகும், வேகமாக அழுத்தினால் கை வலிக்கும். ஷாக்கும் அப்படித்தான். உள்ளே காற்றுக்குப் பதில் எண்ணெய், அது சின்னத் துளைகள் வழியாகவும் வால்வுகள் வழியாகவும் தள்ளப்படுகிறது. எண்ணெயைத் தள்ளும் பிஸ்டன் நின்றுவிட்டால் எதிர்ப்பும் நின்றுவிடும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் புரிய வேண்டும். நீண்ட, சமதளமான வளைவில் ஒரே வேகத்தில், ஸ்டியரிங்கை அசைக்காமல் போகிறீர்கள். வண்டி சாய்ந்து, சாய்ந்த நிலையில் நிலைத்துவிட்டது. அப்போது பிஸ்டன் அசையவில்லை, எனவே ஷாக் கிட்டத்தட்ட எதுவும் செய்யவில்லை. உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மொத்தம் எவ்வளவு எடை மாறும் என்பதை வண்டியின் எடை, எடைமையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளைவில் உண்டாகும் விசை ஆகியவை தீர்மானிக்கின்றன. ஷாக்கை எவ்வளவு இறுக்கினாலும் அந்த மொத்தம் குறையாது. எடை எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது, மாறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் முன்பக்கம் எவ்வளவு பங்கு, பின்பக்கம் எவ்வளவு பங்கு ஏற்கிறது என்பதுதான் ஷாக்கின் கையில் இருக்கிறது.

அதனால் வளைவின் நடுப்பகுதியில், நிலையாகப் போகும்போது வண்டி முன்பக்கம் நழுவுகிறது என்றால் நாபைத் தொடாதீர்கள். அது டயர் காற்றழுத்தம், கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்), ஆன்டி ரோல் பார் (சாய்வைக் குறைக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி), ஸ்பிரிங் இவற்றின் கணக்கு. பிரேக்கை விட்டுத் திரும்பத் தொடங்கும்போதோ, ஆக்ஸிலரேட்டரை அழுத்தி வெளியேறும்போதோ, இடம் வலமாக மாறி மாறித் திரும்பும்போதோ வரும் கோளாறுகளுக்குத்தான் ஷாக்கில் மருந்து உண்டு.

அப்புறம் இரண்டு திசைகள். சக்கரம் மேலே ஏறி ஷாக் சுருங்கும்போது வரும் எதிர்ப்பு கம்ப்ரஷன். சிலர் பம்ப் என்பார்கள். சக்கரம் கீழே இறங்கி ஷாக் நீளும்போது வரும் எதிர்ப்பு ரீபவுண்ட். சுருங்கிய ஸ்பிரிங் திரும்பப் பாய்வதை அடக்க வேண்டியது ரீபவுண்டின் பொறுப்பு. அதனால் பெரும்பாலான சாலைக் கார்களில் ரீபவுண்ட் விசை கம்ப்ரஷனைவிட அதிகமாக வைக்கப்பட்டிருக்கும்.

பிஸ்டனின் வேகத்தையும் இரண்டாகப் பிரிப்பார்கள். உடல் சாய்வது, மூக்கு அமிழ்வது போன்ற அசைவுகளில் பிஸ்டன் மெதுவாகவே நகரும், விநாடிக்கு ஏறக்குறைய 5 முதல் 10 சென்டிமீட்டருக்குள். இது லோ ஸ்பீடு. பள்ளத்தில் விழுவது, டிராக்கின் ஓரத்தில் மேடாக இருக்கும் கர்ப் மேல் ஏறுவது இவையெல்லாம் அதைவிடப் பல மடங்கு வேகம், அது ஹை ஸ்பீடு. வண்டி 150 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் வளைவில் மெல்லச் சாய்ந்தால் ஷாக்குக்கு அது லோ ஸ்பீடுதான். வண்டியின் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நம் கைக்கு எட்டும் நாப்களில் பெரும்பாலானவை எண்ணெய் கசிந்து போகும் ஒரு சின்ன வழியை ஊசி வால்வால் அடைத்துத் திறப்பவை. அவற்றின் பலன் லோ ஸ்பீடு பகுதியில்தான் அதிகம்.

எவ்வளவு இறுக்கம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு

கணக்கு பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் பிறகு யாருடைய பேச்சையும் எடை போட முடியும்.

ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 240 கிலோ என்றும், சக்கரத்தின் இடத்தில் அளந்த ஸ்பிரிங் கடினம் மில்லிமீட்டருக்கு 24 நியூட்டன் என்றும் வைத்துக்கொள்வோம். எம்எக்ஸ்-5 அளவுள்ள வண்டிக்கு இது பொருந்தும் கணக்கு. இந்த மூலை விநாடிக்குச் சுமார் 1.6 முறை ஆடும். ஆட்டமே இல்லாமல் ஒரே மூச்சில் பழைய நிலைக்கு வந்து நிற்கத் தேவையான எதிர்ப்பை முழு அடக்கம் என்று சொல்லலாம். அது, எடையையும் கடினத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கினால் வரும். மில்லிமீட்டருக்கு 24 என்பது மீட்டருக்கு 24,000. 240-ஐ 24,000-ஆல் பெருக்கினால் 57,60,000. வர்க்கமூலம் 2,400. இரண்டு மடங்கு 4,800. அதாவது விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 4,800 நியூட்டன்.

சொகுசை முதலில் பார்க்கும் சாலைக் கார்கள் இதில் ஏறக்குறைய 0.2 முதல் 0.4 பங்கில் இருக்கும். டிராக்கில் ஓடும் வண்டிகளுக்கு லோ ஸ்பீடில் 0.6, 0.7 பக்கம் போவார்கள். நம் எடுத்துக்காட்டில் 0.3 பங்கு என்றால் 1,440, 0.65 என்றால் 3,120. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது, நாப் உலவுவது இந்த இடைவெளியில்தான். ஹை ஸ்பீடில் இந்தப் பங்கு நன்றாகக் குறைய வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகெலும்புக்கு வரும், டயரும் தரையைவிட்டு எழும்பும்.

இந்த வர்க்கமூலம் இன்னொரு விஷயத்தையும் சொல்கிறது. ஸ்பிரிங்கை 44 சதவீதம் கெட்டியாக மாற்றினால், அதே பங்கைக் காப்பாற்ற ஷாக்கை 20 சதவீதம் இறுக்கினால் போதும். கெட்டி ஸ்பிரிங் போட்டுவிட்டு ஷாக்கையும் அதே அளவு இறுக்குபவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

உங்கள் நாப் எதை மாற்றுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வாங்கிய ஷாக்குடன் வந்த கையேட்டை முழுதாகப் படியுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை. கோனி ஸ்போர்ட் ரக ஷாக்கில் மாறுவது ரீபவுண்ட் மட்டும். அதில் கிளிக் (திருகும்போது படிப்படியாக நின்று எண்ணக்கூடிய நிலை) இல்லை, சுற்றாகத் திருக வேண்டும். பில்ஸ்டீனின் பத்து நிலை உள்ள பி16 ரகத்தில் ஒரே நாப் ரீபவுண்டையும் கம்ப்ரஷனையும் சேர்த்தே மாற்றும். கேடபிள்யூ வேரியன்ட் 3-ல் இரண்டும் தனித்தனி, ரீபவுண்ட் தண்டின் உச்சியில், கம்ப்ரஷன் அடியில். ஓலின்ஸ் ரோடு அண்ட் டிராக் ஷாக்கில் நாபை வலஞ்சுழியாக முழுக்க மூடி, அந்த இடத்தைப் பூஜ்யம் என்று வைத்து, அங்கிருந்து திறக்கும் கிளிக்குகளை எண்ண வேண்டும். அதாவது எண் கூடக் கூட ஷாக் இளகும். ஒருவர் 8-ல் வைத்திருக்கிறேன் என்று சொன்னால், எந்த முனையிலிருந்து எட்டு என்று கேட்காமல் அதைப் பின்பற்றாதீர்கள்.

முழுக்க மூடும்போது விரல் நுனியின் பலம் போதும். ஊசி போய் அமரும் இடம் நுட்பமானது. பிளையர் போட்டுத் திருகினால் அந்த இடம் நசுங்கிவிடும், அப்புறம் கிளிக் எண்ணிக்கைக்கு அர்த்தமே இருக்காது.

முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5-ல் உச்சியில் நாப் உள்ள ஷாக் என்றால் வேலை சுலபம். முன்பக்கம் பானட்டைத் திறந்தால் தெரியும், பின்பக்கம் டிக்கியின் உள்ளுறையை விலக்கினால் தெரியும். ஜாக்கி தேவையில்லை. நாப் இல்லாமல், மின்சாரத்தில் மாறும் ஷாக் உள்ள வண்டிகளில் கம்ஃபர்ட், ஸ்போர்ட் என்று தேர்வுகள் மட்டுமே இருக்கும். அவற்றிலும் கீழே சொல்லும் சோதனை முறை பொருந்தும். மேடுள்ள டிராக்கில் ஸ்போர்ட் பிளஸ்ஸைவிட நடு நிலையே வேகமாக அமைவதை அவற்றில் பார்க்கலாம்.

முதல் படி: நாபைத் தொடும் முன்

டயர் காற்றழுத்தத்தை டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-க்கு 26 பிஎஸ்ஐ, நாலாம் தலைமுறைக்கு 29 பிஎஸ்ஐ என்பது கம்பெனி சொல்லும் அளவு. பெட்ரோல் பங்க்கில் எல்லா வண்டிக்கும் அடிப்பது போல 35 அடித்துவிட்டு, வண்டி குதிக்கிறது என்று ஷாக்கைத் தளர்த்திக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சொந்தமாக ஒரு நல்ல அழுத்தமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எப்போதும் அதையே பயன்படுத்துங்கள்.

வீல் அலைன்மென்ட் சரியாக இருக்க வேண்டும். பால் ஜாயின்ட், புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறை) எதிலும் ஆட்டம் இருக்கக்கூடாது. ஷாக்கின் உடலில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். கசியும் ஷாக்கை எந்த நாபும் காப்பாற்றாது.

ஷாக்கை மாட்டிய மெக்கானிக், ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி எந்த நிலையில் இருக்கும்போது இறுக்கினார் என்று கேளுங்கள். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதும் புஷ் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு ஒரு கூடுதல் ஸ்பிரிங் போல வேலை செய்யும், வண்டியின் உயரமும் தப்பாகத் தெரியும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, மறுபடி குறித்த டார்க்குக்கு (இறுக்கும் விசையின் அளவு) இறுக்குங்கள்.

பெட்ரோல் அளவும் கவனம். முப்பது லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 22 கிலோ. ஆயிரம் கிலோ வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. சோதனை முழுக்கப் பாதி டேங்க் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: ஷாக் எவ்வளவு தூரம் சுருங்குகிறது?

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அவசியம், அதிலும் தாழ்த்திய எம்எக்ஸ்-5-க்கு.

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-ல் சக்கரம் மேலே ஏற இருக்கும் இடமே குறைவு. அழகுக்காக வண்டியைத் தாழ்த்திவிட்டால் இருக்கும் கொஞ்சமும் போய்விடும். வளைவில் சாயும்போது ஷாக் பம்ப் ஸ்டாப்பில் போய் மோதும். பம்ப் ஸ்டாப் என்பது தண்டில் கோத்திருக்கும் ரப்பர் அல்லது நுரைத் துண்டு. அது நசுங்கும் நேரத்தில் அந்த மூலையின் கடினம் திடீரென்று பல மடங்காகிறது. முன்பக்கம் மோதினால் மூக்கு வெளியே தள்ளும். பின்பக்கம் மோதினால் வால் சட்டென்று வீசும். ஓட்டுபவருக்கு இது ஷாக் கோளாறு போலவே தெரியும். கிளிக் கிளிக்காக மாற்றிப் பார்ப்பார், எதுவும் மாறாது.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு சின்ன பிளாஸ்டிக் கேபிள் டையை ஷாக்கின் பளபளப்பான தண்டில் சுற்றிக் கட்டுங்கள். தள்ளினால் நகர வேண்டும், தானாக வழுக்கி விழக்கூடாது, அந்த அளவு இறுக்கம் போதும். அதன் வாலை நறுக்கிவிடுங்கள். பிறகு டையை ஷாக்கின் உடலோடு ஒட்டும்வரை நகர்த்திவிட்டு ஓட்டுங்கள். ஷாக் சுருங்கும்போது உடல் டையைத் தள்ளிக்கொண்டு போகும், நீளும்போது டை அங்கேயே நின்றுவிடும். ஓட்டம் முடிந்ததும் டை நிற்கும் இடம்தான் ஷாக் சுருங்கிய உச்ச அளவு. தண்டு மேலே தெரியும்படி உள்ள ஷாக்குக்கும், தலைகீழாக மாட்டியதற்கும் இடம் மாறும், தத்துவம் ஒன்றே.

டை போய் பம்ப் ஸ்டாப்பில் ஆழமாகப் புதைந்திருந்தால், முதலில் வண்டியைக் கொஞ்சம் உயர்த்துங்கள், அல்லது ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குங்கள், அல்லது மெல்ல மெல்லக் கடினமாகும் நல்ல நுரை பம்ப் ஸ்டாப் போடுங்கள். அதைச் செய்யாமல் கம்ப்ரஷனை இறுக்கி மோதலைத் தடுக்கப் பார்ப்பது தப்பான வழி.

மூன்றாம் படி: ஆரம்ப நிலை

நாலு நாபையும் முழுக்க மூடி, அங்கிருந்து முழுக்கத் திறக்கும் வரை கிளிக்குகளை எண்ணி எழுதுங்கள். ஒரே அச்சில் உள்ள இடது, வலது எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. நிறைய வித்தியாசம் என்றால் ஷாக்கில் ஏதோ கோளாறு.

பிறகு கம்பெனி சொல்லும் ஆரம்ப நிலையில் வையுங்கள். சொல்லவில்லை என்றால் நடுவைவிட ஓரிரண்டு கிளிக் தளர்வாக. இடதும் வலதும் எப்போதும் ஒரே எண். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுவது, ஒரே பக்கமாகத் திரும்பும் ஓவல் டிராக் ஓட்டுபவர்களுக்கு உரியது.

சோதனைக்கு டிராக் வேண்டும், பொதுச்சாலை கூடாது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக் இருக்கிறது, கோவை செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது. மலேசியாவில் இருப்பவர்களுக்கு 5.543 கிலோமீட்டர் செப்பாங். இடம் எதுவானாலும் திறந்திருக்கும் நாள் பார்த்து, முறையாகப் பதிந்து போங்கள். வேகமான ஒரு வளைவு, மெதுவான ஒரு வளைவு, இடம் வலமாக மாறும் ஒரு பகுதி, கொஞ்சம் மேடு, இவ்வளவும் உள்ள டிராக் என்றால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

முதல் சில சுற்றுகள் சூடேற்றத்துக்கு மட்டும். டயரும் ஷாக்கின் எண்ணெயும் சூடானால் நடத்தை மாறும். எண்ணெய் சூடாகும்போது இளகி, எதிர்ப்பு குறையும். ஆறிய ஷாக்கோடு எடுத்த முடிவு ஐந்தாவது சுற்றில் பொய்யாகிவிடும்.

நான்காம் படி: கம்ப்ரஷன் முதலில், ரீபவுண்ட் பிறகு

இரண்டும் தனித்தனியாக மாறும் ஷாக் என்றால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். இரண்டையும் மிகத் தளர்வான நிலைக்குக் கொண்டுவாருங்கள். ரெண்டு மூன்று சுற்று நிதானமாக ஓட்டுங்கள். வண்டி படகு போல ஆடும், அதற்காகக் கவலை வேண்டாம். இப்போது மேடுகளில் சக்கரம் எப்படிப் போகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

பிறகு நாலு மூலையிலும் கம்ப்ரஷனை மூன்று கிளிக் இறுக்கி ஓட்டுங்கள். மறுபடி மூன்று. ஒரு கட்டத்தில் மேடுள்ள வளைவில் வண்டி பக்கவாட்டில் சின்னச் சின்னதாகத் தாவும். இருக்கையில் ஒரு கடகடப்பு தெரியும், ஸ்டியரிங் அந்த இடத்தில் ஒரு கணம் இலேசாகிவிடும். டயர் தரையைவிட்டு எழும்ப ஆரம்பித்ததன் அடையாளம் அது. அங்கிருந்து இரண்டு மூன்று கிளிக் பின்வாங்குங்கள். உங்கள் கம்ப்ரஷன் அதுதான். முன் அச்சும் பின் அச்சும் ஒரே நேரத்தில் தாவ வேண்டியதில்லை. எது முதலில் தாவுகிறதோ அதை மட்டும் பின்வாங்கி, மற்றதைத் தொடர்ந்து இறுக்கிப் பாருங்கள்.

அடுத்து ரீபவுண்ட். அதையும் தளர்விலிருந்து மூன்று மூன்றாக. ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் வண்டியின் மிதப்பு அடங்கி, திருப்பத்தில் நுழைவது தெளிவாகும். இடம் வலம் மாறும்போது உடல் ஒரே அசைவில் போய் நிற்கும், இன்னொரு முறை ஆடாது. அந்தத் தெளிவு வந்ததும் நிறுத்துங்கள். இன்னும் இறுக்கினால் வண்டி சாயும் அளவு அதிகமாக மாறாது, பிடிப்பு மட்டும் போகும்.

ரீபவுண்ட் மிதமிஞ்சினால் நடப்பது வேடிக்கையான ஒன்று. தொடர் மேடுகளில் ஸ்பிரிங் சுருங்குகிறது. நீள நேரம் கிடைப்பதற்குள் அடுத்த மேடு வந்து இன்னும் சுருங்குகிறது. இப்படியே வண்டி படிப்படியாகத் தரையை நோக்கி இறங்கும், கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துகொள்ளும். மேடு வரிசை முடிந்ததும் பழைய உயரத்துக்கு வரும். வெளியிலிருந்து பார்க்கும் நண்பர் போனில் வீடியோ எடுத்தால் இது நன்றாகத் தெரியும். கேபிள் டையும் காட்டிக்கொடுக்கும்: நேற்றுவரை நடுவில் நின்ற டை, ரீபவுண்டை இறுக்கிய பிறகு ஆழத்துக்குப் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ரீபவுண்ட் மட்டும் மாறும் கோனி போன்ற ஷாக் என்றால் இரண்டாம் பாதியை மட்டும், கால் சுற்று கால் சுற்றாகச் செய்யுங்கள். ஒரே நாப் இரண்டையும் மாற்றும் ஷாக்கில், தாவல் முதலில் வருகிறதா தெளிவு முதலில் வருகிறதா என்று பாருங்கள். தெளிவு வரும் முன்பே தாவ ஆரம்பித்தால் அந்த ஷாக்கின் உள் அமைப்பு உங்கள் ஸ்பிரிங்குக்குப் பொருந்தவில்லை. நாபால் அதைத் தீர்க்க முடியாது, ஷாக்கைத் திறந்து வால்வு அமைப்பை மாற்ற வேண்டும்.

ஐந்தாம் படி: வளைவைத் துண்டு துண்டாகப் பாருங்கள்

வண்டி அண்டர்ஸ்டியர் ஆகிறது, அதாவது மூக்கு திரும்பாமல் வெளியே போகிறது என்ற ஒரு வரி போதாது. எந்த இடத்தில்? பிரேக்கில் கால் இருக்கும்போதா, விடும்போதா, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதா? இதைச் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான். எடை மாறிக்கொண்டிருக்கும் நேரத்தில், எந்த அச்சின் ஷாக் கெட்டியாக இருக்கிறதோ அந்த அச்சு அந்த மாற்றத்தின் பெரும் பங்கைச் சீக்கிரமாக வாங்கிக்கொள்ளும், பிடிப்பையும் முதலில் இழக்கும். எந்தத் திசை என்று பார்க்க, அந்த நேரத்தில் ஷாக் சுருங்குகிறதா நீள்கிறதா என்று யோசியுங்கள்.

வளைவுக்குள் நுழையும்போது மூக்கு திரும்ப மறுத்து நேராகப் போகிறதா? முன் கம்ப்ரஷனை ஒரு கிளிக் தளர்த்துங்கள், அல்லது பின் ரீபவுண்டை ஒரு கிளிக் இறுக்குங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள். மாறாக, ஸ்டியரிங்கைத் திருப்பியும் மூக்கு ஒரு கணம் தாமதித்து, பிறகு திரும்புகிறதா? அது பிடிப்பு குறைவதால் வருவதில்லை, முன் ஷாக் மிகத் தளர்வாக இருப்பதால் உடல் சாய்ந்து முடிக்க நேரம் எடுக்கிறது. அதற்கு முன் கம்ப்ரஷனை இறுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஸ்டியரிங்கில் வித்தியாசம் உண்டு: முதல் வகையில் ஸ்டியரிங் இலேசாகிவிடும், இரண்டாம் வகையில் கனமாகவே இருக்கும்.

நுழையும்போது வால் பதறுகிறதா? பிரேக்கில் பின்பக்கம் எழும்பியிருக்கிறது, அப்போது கெட்டியான பின் ரீபவுண்ட் சக்கரத்தைத் தரைக்கு இறங்கவிடாமல் பிடித்து வைக்கிறது. பின் ரீபவுண்டைத் தளர்த்துங்கள். எம்எக்ஸ்-5 போன்ற குட்டை வண்டியில் ஓட்டுநருக்கு நம்பிக்கை தருவதில் இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடு இல்லை.

வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வால் வீசினால் பின் கம்ப்ரஷனைத் தளர்த்துங்கள். உள்பக்கப் பின்சக்கரம் மட்டும் சுழன்று வீணாகிறது என்றால் பின் ரீபவுண்டைத் தளர்த்திப் பாருங்கள், பின் ஆன்டி ரோல் பாரையும் சந்தேகப்படுங்கள்.

வெளியேறும்போது மூக்கு வெளியே போவதற்கு மட்டும் எதிரெதிரான ஆலோசனைகள் கிடைக்கும். முன் ரீபவுண்டை இறுக்கு, மூக்கு எழும்பாமல் இருக்கும் என்பார் ஒருவர். தளர்த்து, முன் டயரின் மேல் எடை கொஞ்ச நேரம் தங்கும் என்பார் இன்னொருவர். மேலே சொன்ன விதிப்படி இரண்டாமவர் பக்கம்தான் நான். முன்பக்கம் நீளும்போது கெட்டியான ரீபவுண்ட் டயரைத் தூக்கப் பார்க்கும், அப்போதே பாரம் குறைந்துவிடும். ஆனால் முன்பக்கத்தின் உயரமும் கேம்பரும் பிடிப்பை அதிகம் பாதிக்கும் வண்டிகளில், தரை வழவழப்பாக இருந்தால், முதலாமவர் சொல்வதும் பலிக்கும். தளர்த்தித் தொடங்குங்கள், பலன் இல்லாவிட்டால் மறுபக்கம் போய்ப் பாருங்கள்.

கர்ப் மேல் ஏறும்போது வண்டி தூக்கி எறிவது ஹை ஸ்பீடு கம்ப்ரஷன் விவகாரம். அதற்குத் தனி நாப் இருந்தால் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் கர்ப்பைத் தொடாமல் ஓட்டுவதே நல்லது.

மழை வந்தால் யோசிக்க வேண்டாம். நாலு மூலையையும் சில கிளிக் தளர்த்துங்கள், கழற்றவோ தளர்த்தவோ முடிந்தால் பின் ஆன்டி ரோல் பாரையும். ஈரத்தரையில் பிடிப்பு குறைவு, எடை மெதுவாக மாறினால்தான் டயர் தாங்கும்.

ஆறாம் படி: எழுதி வையுங்கள்

ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம். ஒரு அச்சு, ஒரு நாப். நோட்டில் தேதி, டிராக், வெயிலா மேகமா, டயர் அழுத்தம் ஆறியபோதும் சூட்டிலும், நாலு நாபின் எண், சுற்று நேரம், கேபிள் டை நின்ற இடம். அதோடு ஓட்டுநரின் வாய்மொழியும் வேண்டும். பிட்டுக்கு வந்ததும், நேரத்தைப் பார்க்கும் முன்பே, எந்த வளைவில் என்ன உணர்ந்தார் என்று எழுதச் சொல்லுங்கள். நேரத்தைப் பார்த்துவிட்டால் உணர்வு அதற்கு ஏற்ப வளைந்துவிடும்.

நாளின் நடுவில் ஒருமுறை, யாரிடமும் சொல்லாமல் நாபை ஆரம்ப நிலைக்குத் திருப்பி ஓட்டச் சொல்வது நல்ல பழக்கம். காலையில் இருந்த நேரத்தைவிட இப்போது வேகமாக இருந்தால், முன்னேறியது ஓட்டுநரும் டிராக்கும்தான், ஷாக் இல்லை என்று தெரிந்துவிடும். வேகமான சுற்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், அடுத்தடுத்த நாலைந்து சுற்றுகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்றும் பாருங்கள். அரை விநாடி வேகம் தந்து ஒவ்வொரு சுற்றிலும் பயமுறுத்தும் அமைப்பைவிட, ஒரே மாதிரி நடந்துகொள்ளும் அமைப்பு எம்எக்ஸ்-5 ஓட்டுபவருக்கு அதிக நேரத்தை மிச்சப்படுத்தும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன்

டிராக் அமைப்போடு ஊர்ச் சாலையில் போகாதீர்கள். வேகத்தடையும் பள்ளமும் உள்ள ரோட்டில் ஹை ஸ்பீடு அசைவுதான் அதிகம். நாலு மூலையையும் தளர்த்துங்கள். ரீபவுண்டை மட்டும் மிதப்பு தெரியாத அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். வேகத்தடை தாண்டியதும் பின்பக்கம் ஒருமுறை எழும்பி இறங்கி நின்றுவிட்டால் சரி, இரண்டாவது முறை ஆடினால் ஒரு கிளிக் கூட்டுங்கள்.

சக்கர நட்டுகளையும் ஷாக்கின் மேல் நட்டையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை பாருங்கள். டயர் அழுத்தத்தை, ஆறிய பிறகு, கம்பெனி அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

கொஞ்ச காலம் டிராக்கில் ஓடிய ஷாக்கில், முன்பு சரியாக இருந்த எண் இப்போது தளர்வாகத் தோன்றும், ஒவ்வொரு முறையும் ஒரு கிளிக் கூட்ட வேண்டியிருக்கும். நோட்டைப் புரட்டினால் அந்த நகர்வு எழுத்தில் தெரியும். அப்போது எண்ணெயும் சீலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது நாலு ஷாக்கையும் டைனோவில் (ஷாக்கை இயக்கி அதன் விசையை அளக்கும் கருவி) ஓட்டி விசை வரைபடம் கேட்டு வாங்குங்கள். ஒரே கிளிக் எண்ணில் வைத்தாலும் இடது, வலது ஷாக்குகளின் விசை வேறுபடுவது உண்டு. வரைபடம் கையில் இருந்தால் எந்தப் பக்கத்தில் எத்தனை கிளிக் தள்ளி வைத்தால் இரண்டும் ஒன்றாகும் என்று பார்த்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.